வாக்களித்த ஐபோன்

கொட்டாஞ்சேனை அன்பர் ஒருவர் எமக்கு எழுதியுள்ளார். உயர்தரப் பரீட்சையிற் சிறந்த சித்தி பெற்றால் ஐபோன் வாங்கித் தருவதாக மகளுக்கு வாக்களித்தாராம். மகள் சித்தியடைந்துவிட்டாள்! அமெரிக்காவிலுள்ள மைத்துனர் ‘ஐபோன் 17’ வாங்கிவரச் சித்தமாயிருக்கிறார். வாங்கலாமா என்பது அன்பரின் வினா.

2025 செப்டெம்பர் 9ஆந் திகதி அறிவிக்கப்பட்ட அக்கருவி நல்லதே. முந்திய 16இன் திரை செக்கனுக்கு 60 தடவை தன்னைப் புதுப்பிக்கும். இதுவோ 120 தடவை வரை. ஆரம்பக் கொள்ளளவும் 128 கிகாபைற்றிலிருந்து 256 ஆயிற்று. அமெரிக்காவில் அறிவித்த விலை 799 டொலர். டொலரை 300 ரூபாவாகக் கொண்டாலே 239,700 ரூபா!

ஆனால், அமெரிக்காவில் விற்கும் கருவியிற் சிம் அட்டை செருகும் இடமே இல்லை, இ-சிம் மாத்திரமே. இங்கும் இ-சிம் கிடைக்கிறது என்றாலும், வெள்ளவத்தைக் கடையில் அட்டை வாங்கிச் செருகிவிட்டு நடக்கும் இலகு அதில் இல்லை. மேலும், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியற்ற புதிய கருவிகளுக்கு 28-1-2025 முதல் இணைப்புக் கிடையாதென அறிவிக்கப்பட்டது. மைத்துனர் விமானமேறுமுன் ஆணைக்குழுவிடம் விசாரித்தல் அவசியம். இங்கே வாங்குவோர், ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கிலத்தில் எழுதி, இடம்விட்டு, பெட்டியிலுள்ள 15 இலக்க எண்ணைச் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் விபரம் தெரியும்.

எம்மைக் கேட்டால், வேண்டாம் என்போம். பல்கலைக்கழகம் புகவிருக்கும் பெண்ணுக்கு அத்தொகையில் ஒரு மடிக்கணினியும் அளவான கைத்தொலைபேசியும் வாங்கலாம். வாக்குத் தவறுவதா என்று அன்பர் கலங்குவார். மகளையே கேட்டுப் பார்க்கட்டும். அவள் ஐபோன்தான் வேண்டுமென்றால், கொழும்பிலேயே, அனுமதியைப் பார்த்து வாங்கிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.