வருமுன் காக்கும் ஒத்திகை

சென்னைக்கு வடக்கே, வங்கக் கடலோரத்தில் அமைந்துள்ளது பழவேற்காடு. தமிழகத்திலும் ஆந்திரத்திலும் பரந்து கிடக்கும் அதன் ஏரி, இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. கிழக்கே கடல், மேற்கே ஏரி, இடையே குறுகிய மணல்திட்டு. அத்திட்டின் மேல் மீனவர் குப்பங்கள் பல உள்ளன.

ஆரணியாற்று வெள்ளம் இவ்வேரியில் கலந்து, முகத்துவாரத்தின் வழியே கடலை அடைகின்றது. முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிடின், வெள்ளம் வெளியேற வழியின்றித் தேங்கும். புயற்காலத்திலோ கடல்நீரும் பொங்கிக் கரை ஏறும். இவ்வாறு இருபுறமும் நீரால் நெருக்குண்பவர் அம்மக்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் திருவள்ளூர் மாவட்டத்தில் பெருமழை கொட்டியது. உலகம் வெப்பமடைவதால் கடல்மட்டம் உயர்கின்றது. கனமழையின் கடுமையும் மிகுகின்றது. எனவே, நேற்றுப் போதுமாயிருந்த காப்பு நாளைக்கும் போதுமென்று இருத்தல் அறிவுடைமை ஆகாது.

கரைகளை உயர்த்துகிறோம்; புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டுகிறோம்; துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறோம். இவை வேண்டுவனவே. ஆயினும் சோதித்துப் பாராத காப்பு, காப்பாகுமா? மையத்தின் சாவி எவரிடம் உள்ளது? அங்குச் செல்லும் பாதை வெள்ளத்தில் மூழ்காதா? நடக்க இயலாத மூதாட்டியைத் தூக்கிச் செல்பவர் யார்? படகுகளை எங்கே கட்டுவது? இவ்வினாக்களுக்குக் காகிதத்தில் எழுதிய திட்டம் முழு விடை தராது; ஒத்திகையே தரும்.

ஒடிசாவின் வரலாறு இதனை உணர்த்தும். 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலில் அங்கு ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். 2013ஆம் ஆண்டு பைலின் புயல் வந்தபோது, ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டனர். உயிர்ச்சேதம் சில பத்துகளோடு நின்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் எச்சரிக்கை முறை செம்மையுற்றது; புகலிடங்கள் பெருகின; மக்களும் பயிற்சி பெற்றனர்.

‘கடலிலே பிறந்து வளர்ந்த மீனவர்க்கு ஒத்திகை எதற்கு?’ என்பார் உளர். கடலறிவில் அவரே ஆசான் என்பது உண்மை. ஆதலால் ஒத்திகையை வகுத்து நடத்தும் பொறுப்பும் அவர்களுடையதாகவே இருத்தல் வேண்டும். மீன்பிடி இடங்களைப் ‘பாடு’ என்னும் முறையால் தமக்குள் சுழற்சியாகப் பகிர்ந்துகொள்ளும் மக்கள் அவர்கள். இடர்க்காலப் பணிகளையும் அவ்வாறே பகிர்ந்துகொள்ள அவர்களால் இயலாதா?

‘ஒத்திகை நாளில் தொழில் கெடுமே’ என்பது மற்றொரு தடை. இது நியாயமான கவலையே. ஒருநாள் வலை வீசாவிடின் அடுப்பு எரியாத வீடுகள் உண்டு. ஆகவே, அந்நாளின் வருவாயை அரசு ஈடுசெய்தல் முறையாகும். புயலுக்குப் பின் வழங்கும் நிவாரணத்தை நோக்க, அச்செலவு மிகச் சிறிது.

மாணவர்களே! நும் ஊரிலும் வெள்ளம் வரலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே புகலிடம் எதுவென அறிந்து, அங்கு ஒருமுறை நடந்து பாருங்கள். அமைதியான நாளில் காணும் குறையைத் திருத்த நேரம் உண்டு. புயல் நாளில் காணும் குறைக்கு உயிரையே விலையாகத் தர நேரும்.