சுழலும் புயலும் சொல்லும் பாடம்

விஞ்ஞானக் கதை என்றதும் ராக்கெட்டும், வேற்றுக் கிரகத்துப் பிராணிகளும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்த இலக்கியம் தவழ்ந்து நடந்த நாட்களில் அதில் பெரிய இடம் வகித்தது, சீற்றங் கொண்ட இயற்கை. "படிப்பவரைப் பயமுறுத்தும் வீண் கற்பனை" என்று அக்கதைகளை ஒதுக்குவோர் உண்டு. அது நியாயமல்ல என்பதே என் கட்சி.

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1841-ல் எழுதிய கதை ஒன்றைப் பாருங்கள். நார்வே கடலில் ஒரு மீனவரின் படகு பெருஞ்சுழலில் சிக்கிக் கொள்கிறது. அவருடைய தமையன் படகையே கட்டிக்கொண்டு மடிகிறான். அவரோ அந்த நிலையிலும் சுற்றிலும் பார்க்கிறார். உருளை வடிவப் பொருள்கள் மெதுவாகவே கீழே இழுக்கப்படுவதைக் கவனிக்கிறார். ஒரு தண்ணீர்ப் பீப்பாயில் தம்மைக் கட்டிக்கொண்டு கடலில் குதித்துப் பிழைக்கிறார். போ கூறும் பௌதிகம் பரீட்சைக்கு நிற்காது. ஆனால் ஆபத்திலும் கண்ணைத் திறந்து வைத்திரு என்ற உபதேசம் நிற்கும்.

1897-ல் ஆங்கில ஆசிரியர் எச்.ஜி. வெல்ஸ் 'நட்சத்திரம்' என்ற கதையை எழுதினார். எங்கிருந்தோ வந்த ஒரு கோளம் நெப்டியூனுடன் மோதித் தீப்பிழம்பாகிச் சூரியனை நோக்கி விரைகிறது. வழியில் பூமிக்கு நேரப்போகும் கதியை ஒரு கணித மேதை கணக்கிட்டுச் சொல்கிறார். 'இது வெறும் சுய விளம்பரம்' என்கிறார்கள் பலர். கடைகள் வழக்கம்போல் திறக்கின்றன. பிறகு பூமி அதிர்கிறது, கடல் பொங்குகிறது, சிந்து முதல் கங்கை வரை சமவெளி நீரில் மூழ்குகிறது.

நம் நாட்டு விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ், 1896-ல் ஒரு கூந்தல் தைல வியாபாரி நடத்திய போட்டிக்காக வங்காளியில் ஒரு கதை எழுதிப் பரிசு பெற்றார். கல்கத்தாவுக்கு வருமென்று எச்சரிக்கப்பட்ட புயல் வராமலே போய்விடுகிறது. காரணம்? இலங்கைக்குக் கப்பலில் சென்ற ஒருவர், தலைக்குத் தடவும் தைலத்தைக் கடலில் வீசி அலையை அடக்கிவிட்டாராம்! எண்ணெய்ப் படலம் சிற்றலையை அடக்கும் என்பது மெய், புயலை அடக்காது. சிரிக்க வைத்தே விஞ்ஞானம் புகட்டினார் போஸ்.

இவை இன்றைக்கு எதற்கு என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26 காலை சுமத்திரா அருகே பூமி அதிர்ந்தது. தமிழ்நாட்டுக் கரையை ஆழிப்பேரலை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இந்து மகா சமுத்திரத்தில் அன்று எச்சரிக்கை ஏற்பாடு இல்லை. 2007-ல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது.

நிலையம் வந்துவிட்டது, நம் மனம் மாறிற்றா? சொன்ன புயல் ஒரு முறை திசை மாறிவிட்டால், அடுத்த எச்சரிக்கையைக் கேலி செய்கிறோம். வெல்ஸின் கதையில் சிரித்தவர்களும் நம்மைப் போன்றவர்களே. வராத புயலுக்காக வீட்டை விட்டு வெளியேறியவனுக்கு ஓர் இரவுத் தூக்கந்தான் நஷ்டம். வந்த புயலுக்கு வெளியேறாதவனின் நஷ்டத்தை யார் ஈடு செய்வது?

இக்கதைகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். பயம் வரட்டும், அதோடு கவனிக்கும் பழக்கமும் வரும்.