ஜெயித்தவருக்கு மறுநாள் என்ன ஆச்சு?

டென்னிஸ் பார்ப்பீர்களா? பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. இந்தக் கட்டுரை உங்கள் உடம்பைப் பற்றியது. அதைச் சொல்வதற்கு ஒரு டென்னிஸ் மேட்ச்சை சாட்சிக்குக் கூப்பிடப் போகிறேன், அவ்வளவுதான்.

2008 ஜனவரி முதல் வாரம். நம்ம சென்னை நுங்கம்பாக்கம் ஸ்டேடியம். சென்னை ஓப்பன் அரை இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ரஃபேல் நடால். அப்போது வயது 21. உலக வரிசையில் இரண்டாம் இடம். எதிரே கார்லோஸ் மோயா, வயது 31. 1998-ல் பிரெஞ்சு ஓப்பன் ஜெயித்தவர். 1999-ல் உலகின் முதலிடத்தில் இருந்தவர். சென்னையிலேயே 2004, 2005 என்று இரண்டு வருஷம் தொடர்ந்து கோப்பை வாங்கியவர். இரண்டு பேருமே ஸ்பெயின் நாட்டின் மயோர்கா தீவுக்காரர்கள். அண்ணன், தம்பி மாதிரிப் பழகியவர்கள். பின்னாளில் மோயா, நடாலுக்குப் பயிற்சியாளராகவே ஆனார்.

இந்தப் போட்டியில் இரண்டு செட் எடுத்தால் ஜெயித்த மாதிரி. முதல் செட் 6-6 என்று சமமாகி, டை-பிரேக் வரை போய், மோயா எடுத்தார். இரண்டாவது செட்டும் அதே கதை. மறுபடி 6-6, மறுபடி டை-பிரேக். இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் மோயா ஜெயித்துவிடுவார் என்ற நிலைமை வந்தது. நடால் விடவில்லை. 10-8 என்று அந்த டை-பிரேக்கைப் பிடுங்கினார். மூன்றாவது செட்டும் டை-பிரேக் வரை போனது. அதை 7-1 என்று நடால் எடுத்தார். மொத்தம் 3 மணி 54 நிமிஷம்! மூன்றே செட்டுக்கு இவ்வளவு நேரம் என்பது லேசான விஷயமா?

நடால் ஜெயித்தார். நாமும் கை தட்டினோம். எல்லோரும் அந்த இரவோடு கதையை முடித்துவிடுகிறார்கள். வைத்தியனுக்குக் கதை ஆரம்பிப்பதே அதற்கப்புறம்தான்.

மறுநாள் இறுதி ஆட்டம். எதிரே ரஷ்யாவின் மிகைல் யூஷ்னி. ஸ்கோர் 6-0, 6-1. ஜெயித்தது யூஷ்னி. மொத்தம் ஆடியது 13 கேம். அதில் நடாலுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. யூஷ்னியும் கெட்டிக்கார ஆட்டக்காரர்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் முதல் நாள் இரவு அவ்வளவு போராடிய அதே நடால், அதே மைதானத்தில், 24 மணி நேரம் கழித்து ஓட முடியாமல் நின்றார் என்றால் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

பயிற்சியாளர், நல்ல சாப்பாடு எல்லாம் கூடவே இருக்கும் 21 வயசுப் பையனுக்கே இந்தக் கதி. நமக்கு?

உடம்பு கடன் கொடுக்கும், மறக்காது

இது ஒருவருக்கு மட்டும் நடந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. 2010 விம்பிள்டனில் அமெரிக்காவின் ஜான் இஸ்னரும் பிரான்சின் நிக்கோலா மஹுவும் மோதினார்கள். ஜூன் 22, 23, 24 என மூன்று நாள் நீண்ட ஆட்டம். மொத்தம் 11 மணி 5 நிமிஷம். கடைசி செட் மட்டும் 70-68! அந்த ஆட்டத்தில் இஸ்னர் எதிராளி தொடவே முடியாத 'ஏஸ்' சர்வீஸ்கள் 113 போட்டார். மறுநாளே அடுத்த சுற்று. நெதர்லாந்தின் டீமோ டி பாக்கரிடம் 6-0, 6-3, 6-2 என்று தோற்றார். அன்றைக்கு அவர் போட்ட 'ஏஸ்' எத்தனை தெரியுமா? ஒன்றுகூட இல்லை.

உடம்பு நல்ல கடன்காரன் மாதிரி. அவசரத்துக்குக் கேட்டால் இல்லை என்று சொல்லாமல் கொடுக்கும். ஆனால் மறுநாள் காலையில் கணக்கு நோட்டோடு வாசலில் நிற்கும்.

அந்தக் கணக்கில் என்னென்ன இருக்கிறது?

முதலாவது, எரிபொருள். தசைகளுக்குள் சர்க்கரைச் சத்து சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. மணிக்கணக்காக ஓடினால் அது வற்றிவிடும். நன்றாகச் சாப்பிட்டாலும் அது திரும்ப நிரம்ப ஏறக்குறைய ஒரு முழு நாள் வேண்டும். ராத்திரி சாப்பிட்டுக் காலையில் நிரப்பிவிடலாம் என்பது நடக்காது.

இரண்டாவது, நீரும் உப்பும். புழுக்கத்தில் கடுமையாக ஆடுகிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே வியர்வை போகும். நம் சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை சீக்கிரம் உலராது. உலராவிட்டால் உடம்பு குளிராது. தாகம் அடங்கிவிட்டது என்பதால் நஷ்டம் முழுக்க ஈடாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

மூன்றாவது, தசை. கடுமையாக வேலை வாங்கினால் தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சேதம் ஏற்படும். அதனால்தான் வலி அன்றைக்குத் தெரியாமல், மறுநாளும் மூன்றாம் நாளும் உயிரை வாங்குகிறது.

நான்காவது, தூக்கம். ராத்திரி நெடுநேரம் பரபரப்பாக இருந்துவிட்டுப் படுத்தால் கண் மூடும்; மனசு மூடாது. ரிப்பேர் வேலை நடக்க வேண்டிய நேரம் வீணாகிவிடும்.

சித்தர்கள் சொன்ன 14

சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம், உடம்பின் 14 வேகங்கள். தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், சிறுநீர், மலம் என்று போகும் அந்தப் பட்டியல். இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் நோய் வரும் என்பது விதி. அந்தப் பட்டியலில் 'இளைப்பு' என்று ஒன்று இருக்கிறது. களைப்பு, மூச்சு வாங்குதல் எல்லாம் அதில் அடக்கம். சிறுநீரை அடக்கக் கூடாது என்றால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். இளைப்பை அடக்கக் கூடாது என்றால் மட்டும், 'அதெல்லாம் சோம்பேறித்தனம் டாக்டர்' என்கிறார்கள்!

அதிக உழைப்பு வளியைக் கூட்டும் என்பது எங்கள் வைத்தியக் கணக்கு. வளி மிஞ்சினால் உடம்பு வலி, தூக்கமின்மை, மலச்சிக்கல், எரிச்சல் எல்லாம் வரிசையாக வரும். சாப்பிட்ட சோறு முதலில் சாரமாகி, பிறகு செந்நீராகி, அதன் பிறகே ஊனுக்குப் போகிறது என்றும் படித்திருக்கிறோம். அதாவது, இன்றைக்குச் சாப்பிட்டது இன்றைக்கே தசையாகாது. தசை சேமிப்பைப் பற்றி நவீன விஞ்ஞானம் சொல்லும் காரணம் வேறு. ஆனால் 'பொறு' என்ற புத்தி இரண்டிலும் ஒன்றுதான்.

என்னிடம் வருகிற பலர் முதல் கேள்வியாகக் கேட்பது, "களைப்பே தெரியாமல் இருக்க ஒரு லேகியம் கொடுங்க டாக்டர்." வைத்தியனாகவே சொல்கிறேன்: அப்படி ஒரு லேகியம் கிடையாது. யாராவது இருக்கிறது என்று விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். அமுக்கரா நல்ல மருந்துதான். தக்கவருக்குத் தக்க அளவில் கொடுத்தால் தேறுவதற்குத் துணை செய்யும். ஆனால் அது ஓய்வுக்குத் துணையே தவிர, ஓய்வுக்குப் பதிலாகாது. களைப்பே தெரியாமல் செய்கிற மருந்து என்றால், வீட்டில் நெருப்புப் பிடித்தால் அடிக்கிற மணியை அறுத்துப் போடுகிற மாதிரி!

ஒரு நாள் இடைவெளியின் மதிப்பு

அடுத்த வருஷம், 2009-ல், அதே நடால் ஆஸ்திரேலிய ஓப்பன் அரை இறுதியில் பெர்னாண்டோ வெர்டாஸ்கோவுடன் 5 மணி 14 நிமிஷம் ஆடினார். சென்னை ஆட்டத்தைவிட ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேலே அதிகம். ஆனால் அங்கே இறுதி ஆட்டம் மறுநாள் இல்லை. நடுவில் ஒரு நாள் இருந்தது. அந்த ஒரு நாளில் தேறி வந்து ரோஜர் ஃபெடரரை ஐந்து செட் ஆடி ஜெயித்தார்.

அதற்காக ஒரு நாள் எல்லோருக்கும் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். 2018 விம்பிள்டன் அரை இறுதியில் தென்னாப்பிரிக்காவின் கெவின் ஆண்டர்சன், இஸ்னரை வெல்ல 6 மணி 36 நிமிஷம் ஆடினார். அவருக்கும் நடுவில் ஒரு நாள் கிடைத்தது. ஆனாலும் இறுதியில் நோவக் ஜோகோவிச்சிடம் முதல் இரண்டு செட்டை 6-2, 6-2 என்று இழந்து, மூன்று செட்டில் தோற்றார். மெல்போர்னில் நடாலுக்கு வயது 22. ஆண்டர்சனுக்கு 32. ஆட்டம் வேறு, எதிராளியும் வேறு, வயது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போதுமான ஓய்வு உங்களுக்கும் போதும் என்று கணக்குப் போடாதீர்கள்.

டென்னிஸ் உலகமே இதைப் புரிந்துகொண்டது. 2022 முதல் நான்கு பெரிய போட்டிகளிலும் கடைசி செட் 6-6 ஆனால் பத்துப் புள்ளி டை-பிரேக் வைத்து முடித்துவிடுகிறார்கள். 70-68 இனி வராது. 'சுவாரசியம் போச்சே' என்று ரசிகர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். என் ஓட்டு அந்த விதிக்குத்தான். மனுஷ உடம்புக்கு எல்லை உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்டது நல்ல காரியம்.

நம் வீட்டில் அந்த விதி உண்டா?

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். டெங்கு காய்ச்சல் விட்ட மறுநாளே பைக்கை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போகிறவர் எத்தனை பேர்? வாரம் பூரா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, ஞாயிறு அன்று ஒரேயடியாக மூன்று மணி நேரம் ஷட்டில் ஆடி, திங்கள் காலை மாத்திரை போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிற 45 வயசுக்காரர் எத்தனை பேர்? பிள்ளை முதல் நாள் மாவட்டப் போட்டியில் ஓடிவிட்டு வந்தால், மறுநாள் விடிகாலை டியூஷனுக்கு எழுப்புகிற பெற்றோர் எத்தனை பேர்?

எல்லோரையும் விட மோசமான நிலைமை வீட்டு அம்மாவுக்கு. பெண்ணின் கல்யாணம் முடிகிறது. பத்து நாள் தூக்கமில்லை. நின்ற கால் நின்றபடி ஓடியிருக்கிறார். மறுநாள் மாப்பிள்ளை தூங்குகிறார், அப்பா தூங்குகிறார், வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் ஒன்பது மணி வரை தூங்குகிறார்கள். அந்த அம்மா மட்டும் நாலரை மணிக்கு எழுந்து டிக்காஷன் போடுகிறார்! பொங்கலானாலும் தீபாவளியானாலும் இதே கதைதான். மாதம் ஒன்று கழித்து, "என்னன்னே தெரியலை டாக்டர், உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்று வருகிறவர்களில் இவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு நான் மருந்து எழுதுவதற்கு முன்னால் கூட வந்த கணவரிடம்தான் பேசுகிறேன். நடாலுக்கு அட்டவணை போட்டது போட்டி நடத்தியவர்கள். உங்கள் மனைவிக்கு அட்டவணை போடுவது யார் சார்?

போராட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோல்வியின் விளிம்பிலிருந்து திரும்பி வந்த அந்த மனவுறுதிக்கு நானும் தலை வணங்குகிறேன். சில நாள் வாழ்க்கையில் அப்படித்தான் ஆடியாக வேண்டும். ஆனால் ஆடிய பிறகு மறுநாளை உடம்புக்குக் கொடுத்துவிடுங்கள்.

என்ன செய்யலாம்?

கடும் உழைப்பு முடிந்ததும் சட்டென்று நின்றுவிடாதீர்கள். பத்து நிமிஷம் மெல்ல நடந்து, பிறகு உட்காருங்கள். நீர்மோர், இளநீர், உப்புப் போட்ட கஞ்சி எதுவானாலும் ஒரே மூச்சில் குடிக்காமல், மறுநாள் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக வருகிற வரை நஷ்டம் ஈடாகவில்லை என்று கொள்ளுங்கள். சிறுநீரக நோய், இதய நோய், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் இளநீர், உப்பு விஷயத்தில் உங்கள் டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

மறுநாள் குழைய வடித்த சோறு, பருப்பு, ரசம் போதும். விருந்து வேண்டாம். எண்ணெய்க் குளியலுக்கு அவசரப்படாமல் களைப்பு தெளிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அன்று இரவு ஒரு மணி நேரம் முன்னதாகப் படுங்கள்.

ஆனால் சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனாலோ, நெஞ்சில் அழுத்தமோ, மயக்கமோ, புத்தித் தடுமாற்றமோ வந்தாலோ கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதையும் ஒரு சித்த வைத்தியன்தான் சொல்கிறேன்.

அடுத்த தடவை வீட்டில் ஒரு விசேஷத்துக்கு நாள் குறிக்கும்போது, காலண்டரில் மறுநாளையும் சேர்த்து வட்டம் போடுங்கள். அன்றைக்குக் காபி போடுவது யார் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். அம்மாவாக மட்டும் இருக்கக் கூடாது!