துப்பாக்கி யாருக்கு உரிமை, யாருக்குச் சிறை?

2004 நவம்பரில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி கூட்டாட்சி நீதிமன்றம் வெல்டன் ஏஞ்சலோஸ் என்ற இளைஞருக்கு 55 ஆண்டுகளும் ஒரு நாளும் சிறைத் தண்டனை விதித்தது. இசைத் தயாரிப்பாளரான அவர் காவல்துறையின் ஒற்றர் ஒருவருக்கு மூன்று முறை கஞ்சா விற்றார். ஒவ்வொரு முறையும் கைமாறியது கால் கிலோவுக்கும் குறைவு. கஞ்சா உள்ளிட்ட மற்றக் குற்றங்கள் அனைத்துக்குமாக நீதிபதி விதித்தது அந்த ஒரு நாள் மட்டுமே. 55 ஆண்டுகளும் துப்பாக்கிக்காக! அவர் யாரையும் சுடவில்லை. யாரையும் துப்பாக்கி காட்டி மிரட்டவுமில்லை. விற்பனையின்போதும் வீட்டிலும் துப்பாக்கி வைத்திருந்தார் என்பதே குற்றம்.

இந்தக் கொடுமையின் கணக்கு எளிது. போதைப்பொருள் குற்றத்தோடு துப்பாக்கி சேர்ந்தால், அன்றைய கூட்டாட்சிச் சட்டப்படி முதல் குற்றச்சாட்டுக்குக் குறைந்தது 5 ஆண்டுகள். அடுத்த ஒவ்வொன்றுக்கும் 25 ஆண்டுகள். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகவே அனுபவிக்க வேண்டும். ஒரே வழக்கின் குற்றச்சாட்டுகளையும் இப்படி அடுக்கலாம் என்று 1993இல் உச்சநீதிமன்றம் அனுமதி அளித்தது. முதன்முறை சிறை செல்பவரும் திருந்தாத குற்றவாளியாகக் கணக்கிடப்பட்டார்.

தீர்ப்பளித்த பால் கசெல் இடதுசாரி அல்லர், புஷ்ஷால் நியமிக்கப்பட்டவர். அவரே இத்தண்டனை அநீதியானது, கொடூரமானது, அறிவுக்குப் பொருந்தாதது என்று எழுதினார். விமானம் கடத்துபவனுக்குக்கூட இதைவிடக் குறைந்த தண்டனையே கிடைக்கும் என்று சுட்டிக்காட்டினார். எனினும் சட்டம் அவர் கையைக் கட்டிவிட்டது.

அப்படியானால் தண்டனையை முடிவு செய்தவர் யார்? அரசுத் தரப்பு வழக்குரைஞர். குற்றத்தை ஒப்புக்கொண்டால் 15 ஆண்டுகள் என்று பேரம் பேசப்பட்டது. ஏஞ்சலோஸ் மறுத்தார். உடனே துப்பாக்கிக் குற்றச்சாட்டுகள் பெருகின. அவர் பெற்ற கூடுதல் தண்டனை, விசாரணை கேட்டதற்கான விலை. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் தண்டிக்கப்படுவோரில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் விசாரணையின்றியே குற்றத்தை ஒப்புக்கொள்கின்றனர். அந்த ஒப்புதல்களுக்குப் பின்னால் இத்தகைய மிரட்டலும் நிற்கிறது.

போதை வணிகமும் துப்பாக்கியும் சேர்ந்தால் ஏழை மக்களின் உயிர்தானே பறிபோகிறது என்று இச்சட்டத்தின் ஆதரவாளர்கள் கேட்கின்றனர். உண்மைதான், உயிரிழப்போர் உழைக்கும் மக்களே. ஆனால் கொலைக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. துப்பாக்கியைக் காட்டி மிரட்டினால் 7 ஆண்டுகள், சுட்டால் 10 ஆண்டுகள் என்று இதே சட்டமும் வேறுபடுத்துகிறது. வெறுமனே வைத்திருந்தவரை 55 ஆண்டுகள் அடைத்து யாருடைய உயிரைக் காத்தார்கள்?

துப்பாக்கியின் மீதுதான் வெறுப்பு என்றால், அதைச் செய்து விற்பவர்கள் மீது கை வைத்திருக்க வேண்டும். மாறாக, துப்பாக்கியைப் பிறர் தவறாகப் பயன்படுத்தியதற்காகத் தொடரப்படும் பெரும்பாலான இழப்பீட்டு வழக்குகளிலிருந்து உற்பத்தியாளர்களைக் காக்க 2005இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் அரசியல் சாசன உரிமை என்று 2008இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலை முதலாளிக்குப் பாதுகாப்பு. வசதி படைத்தவருக்கு உரிமை. சேரித் தெருவின் இளைஞனுக்குச் சிறை. 2016இல் இச்சட்டப் பிரிவின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் கறுப்பின மக்கள் என்பதை அரசின் தண்டனை ஆணையமே ஒப்புக்கொண்டது. மக்கள்தொகையில் அவர்களின் பங்கு ஏறத்தாழ 13 விழுக்காடுதான்.

ஏஞ்சலோஸ் 2016இல் விடுதலையானார். 2020இல் மன்னிப்பும் கிடைத்தது. 2018இன் சீர்திருத்தச் சட்டம், முன்னரே தண்டனை உறுதியானவர்களுக்கு மட்டுமே 25 ஆண்டு என்று வரையறுத்தது. ஆனால் அதற்கு முன்பே தண்டனை பெற்றுச் சிறையிலிருந்தோருக்கு அந்த நீதி தானாகக் கிடைக்கவில்லை. 5 ஆண்டுக் கட்டாயத் தண்டனையும் வழக்குரைஞரின் பேர அதிகாரமும் அப்படியே நீடிக்கின்றன.

கட்டாயத் தண்டனை என்னும் இந்த ஆயுதம் நமக்கும் அந்நியமன்று. நமது ஆயுதச் சட்டத்தின் 27(3) பிரிவு நீதிபதிக்கு மரண தண்டனை தவிர வேறு வழி வைக்கவில்லை. 2012இல்தான் அதை இந்திய உச்சநீதிமன்றம் செல்லாததாக்கியது. கடுமையான சட்டம் வேண்டும் என்ற கூச்சல் எழும்போதெல்லாம் அது யார் கையில் அதிகாரத்தைக் குவிக்கிறது, யார் கழுத்தை நெரிக்கிறது என்று கேட்பது தோழர்களின் கடமை.