பற்றாக்குறையைப் பென்ஷன்தாரர் தலையில் கட்டக் கூடாது: இ.பி.எஸ்.-95 குறித்து எங்கள் நிலைப்பாடு

ஊழியர் ஓய்வூதியத் திட்டம் 1995இன் நிதியில் துண்டு விழுந்தால், ஏற்கெனவே பென்ஷன் வாங்குபவரின் தொகையில் கை வைக்கக் கூடாது. பஞ்சாலை, பனியன், பொறியியல் தொழிற்கூடங்களில் உழைத்து ஓய்வுபெற்றவர்களின் சங்கமாகிய நாங்கள் இதில் உறுதியாக இருக்கிறோம்.

நிதி வற்றினால் பென்ஷனே நின்றுபோகும் என்பது எங்களுக்கும் தெரியும். திட்டத்தின் 32ஆம் பத்தி, நிதியை ஆண்டுதோறும் மதிப்பிடச் சொல்கிறது. அதை வைத்துச் சந்தா விகிதத்தையோ பலன்களையோ மாற்ற மத்திய அரசுக்கு அதிகாரமும் தருகிறது. இரண்டு வழி இருந்தும் வெட்டு விழுந்தது பலன்களின் மீதே. முதலாளி தரப்பின் 8.33 சதவீதமும் அரசின் 1.16 சதவீதமும் 1995இல் இருந்தபடியே இருக்கின்றன.

2008இல், பென்ஷனின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தத் தொகையாகப் பெறும் கம்யூட்டேஷன் வசதி எடுக்கப்பட்டது. 58 வயதுக்கு முன்பே பென்ஷன் கேட்பவருக்கு ஆண்டுக்கு 3 சதவீதமாக இருந்த குறைப்பு, 4 சதவீதமானது. முன்கூட்டியே கேட்பவர் யார்? பெரும்பாலும் ஆலை மூடப்பட்டு, வேறு வேலை கிடைக்காத வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்தான்.

2014 செப்டம்பரில் சம்பள உச்சவரம்பு 6,500 ரூபாயிலிருந்து 15,000 ஆனதை வரவேற்றோம். ஆனால் அதே திருத்தம், பென்ஷனைக் கணக்கிட, கடைசி 12 மாதச் சம்பளச் சராசரிக்குப் பதில் 60 மாதச் சராசரியைக் கணக்கில் எடுக்கச் சொன்னது. 2015இல் பனியன் கம்பெனியில் சேர்ந்து பத்தாண்டு வேலை பார்த்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடைசி ஐந்தாண்டுகளில் அவர் சம்பளம் 11,000 ரூபாயில் தொடங்கி, ஆண்டுக்கு ஆயிரம் கூடி 15,000 ஆகிறது. சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பதே திட்டத்தின் கணக்கு. பழைய முறையில் 15,000ஐப் பத்தால் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதம் 2,143 ரூபாய். புதிய முறையில் சராசரி 13,000 என்பதால் 1,857 ரூபாய். மாதம் 286 ரூபாய், ஆயுள் முழுவதும் இழப்பு.

இந்தப் பென்ஷனுக்கு அகவிலைப்படி கிடையாது. குறைந்தபட்சப் பென்ஷனை 3,000 ரூபாயாக்கும்படி பகத் சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2013இல் பரிந்துரைத்தது. மறு ஆண்டு கிடைத்தது 1,000 ரூபாய். பத்தாண்டு கழிந்தும் அது நகரவில்லை. விலைவாசி ஏற ஏற, எந்த அரசாணையும் இல்லாமலே எங்கள் பென்ஷன் குறைந்துகொண்டு வருகிறது.

முப்பது வயதுத் தொழிலாளிக்கு விதி மாறினால், சேமிப்பைக் கூட்டவோ ஓய்வைத் தள்ளிப்போடவோ அவகாசம் உண்டு. எழுபத்திரண்டு வயதில், நெஞ்சில் பஞ்சுத் தூசியோடு இருப்பவர் எந்த மில்லுக்குத் திரும்பிப் போவார்? அதனால்தான் மாற்றம் எதுவானாலும், அறிவிப்பு நாளுக்குப் பிந்தைய பணிக்காலத்துக்கு மட்டுமே பொருந்த வேண்டும் என்கிறோம்.

பற்றாக்குறையை ஈடுகட்ட முதலில் அரசு தன் பங்கை உயர்த்த வேண்டும். அடுத்து முதலாளி தரப்பு. அதற்குப் பிறகும் போதாவிட்டால், பணியில் இருப்போர் சிறு பங்கு செலுத்துவது பற்றிப் பேச நாங்கள் தயார். இதைச் சொல்வது எங்களுக்கு எளிதல்ல. எங்கள் பிள்ளைகளின் சம்பளத்திலிருந்து போகும் பணம் அது. எந்தத் திருத்தத்துக்கும் முன்னர் மதிப்பீட்டு அறிக்கையை முழுமையாக, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிட வேண்டும். குறைந்தபட்சப் பென்ஷனை 3,000 ரூபாயாக்கி அகவிலைப்படியோடு இணைக்க வேண்டும். அதற்கான செலவை மத்திய பட்ஜெட் ஏற்க வேண்டும்.

இந்த அறிக்கையை வருங்கால வைப்பு நிதி அமைப்பின் மத்திய அறங்காவலர் வாரியத்துக்கும் தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் அனுப்புகிறோம்.