எந்த விமானத்தின் மாதிரி?



இந்த இதழின் நடுப்பக்கங்களைப் புரட்டியவர்கள் கொஞ்சம் குழம்பியிருப்பீர்கள். முழு விமானம் ஒன்றுகூட அங்கே இல்லை. சக்கரம், இறக்கையின் விளிம்பு, என்ஜினின் வாய், வயிற்றுப் பக்கம் வழிந்து காய்ந்த எண்ணெய்க் கறை என்று துண்டு துண்டாகப் படங்கள். அச்சகத்தில் யாரும் தவறாக வெட்டிவிடவில்லை. மாதிரி விமானம் செய்கிறவர்கள் கிட்டத்தில் வைத்துப் பார்க்கட்டும் என்றுதான் அப்படிப் போட்டிருக்கிறோம்.

ராமநாதபுரத்துக்காரர்களுக்குப் பயணிகள் விமானத்தோடு என்ன உறவு என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். நம் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து. கிட்டத்தில் ஒரு ஜெட்டைப் பார்க்க வேண்டுமானால் மதுரைப் பெருங்குடிப் பக்கம் போக வேண்டும். மண்டபத்திலோ பாம்பனிலோ நின்று அண்ணாந்து பார்த்தால் கண்ணில் படுவது ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். அதனாலோ என்னவோ, இங்கிருந்து நமக்கு வரும் மாதிரிகளின் படங்கள் எல்லாம் ஒரே அச்சாக இருக்கின்றன. தெர்மாகோல் உடம்பு, பால் வெள்ளை இறக்கை, வரிசையாகக் கறுப்புப் புள்ளி ஜன்னல்கள். உழைப்பு தெரிகிறது. எந்த விமானம் என்பதுதான் தெரிவதில்லை.

கிட்டத்தில் பார்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு வெளியூர் சாட்சி நமக்குத் தேவையில்லை. ராமேஸ்வரம் தொடக்கப்பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கியும் பையன்களுக்குப் புரியவில்லை. வகுப்பையே கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டினார். சிறகு அடிப்பதையும், திரும்பும்போது வால் வளைவதையும் அங்கே பார்த்த பையன்களில் ஒருவர் அப்துல் கலாம். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். இதன் இரண்டாம் பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. சி. ராஜம் 1949-இல் நிறுவிய குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் கலாம் சேர்ந்தபோது, பறக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற இரண்டு விமானங்களைப் பாடம் நடத்துவதற்காக அங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பின்பும் அவற்றின் அருகே நெடுநேரம் உட்கார்ந்திருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த இரண்டு பழைய விமானங்களும் காரணம். பிறகு பெங்களூரு எச்.ஏ.எல்.லில் பயிற்சியின்போது என்ஜின்களைப் பிரித்துப் பூட்டும் வேலையும் செய்தார். பேய்க்கரும்பில் உள்ள கலாம் நினைவகத்தில் இன்று நாம் பார்க்கும் ராக்கெட், ஏவுகணை மாதிரிகளுக்குப் பின்னால் இப்படி ஒரு பார்வைப் பழக்கம் இருக்கிறது.

சரி, எதைப் பார்ப்பது? போயிங் 737-800-இன் என்ஜினிலிருந்து தொடங்குங்கள். அதன் வாய் முழு வட்டமாக இருக்காது, அடிப்பக்கம் சப்பையாக இருக்கும். 1967-இல் 737 முதன்முதலாகப் பறந்தபோது அதன் என்ஜின் ஒல்லி, விமானமும் தரைக்குத் தாழ்வாகவே நின்றது. 1984-இல் 737-300 சேவைக்கு வந்தபோது பருத்த என்ஜினை மாட்ட வேண்டியிருந்தது, ஆனால் தரைக்கு மேல் இடம் போதவில்லை. அடியில் தொங்க வேண்டிய பற்சக்கரப் பெட்டியையும் துணைக் கருவிகளையும் பக்கவாட்டுக்கு நகர்த்தி, உறையின் அடியைத் தட்டையாக்கினார்கள். அந்தச் சப்பை மூஞ்சி 737-800 வரைக்கும் வந்துவிட்டது. அடுத்து வந்த 737 மேக்ஸில் என்ஜினை முன்னாலும் மேலேயும் தள்ளி, முன்சக்கரக் காலைச் சுமார் 20 செ.மீ. உயர்த்தினார்கள். மேக்ஸ் என்ஜின் உறையின் பின்விளிம்பு ரம்பம்போல் வெட்டுப்பட்டிருக்கும். உள்ளே விசிறி இதழ்கள் 800-இல் 24, மேக்ஸில் 18. முன்னால் நின்று எண்ணிவிடலாம்.

சக்கரத்தையும் விடாதீர்கள். 737-இன் பின்சக்கரங்களுக்கு முழு மூடி கிடையாது. மடக்கிய பிறகும் கீழிருந்து பார்த்தால் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரியும். ஏர்பஸ் ஏ320-இல் கதவு மூடிக்கொள்ளும்.

இறக்கைக்கு வெள்ளை அடிப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். பெரும்பாலான ஜெட்களின் இறக்கை சாம்பல் நிறம். அதிலும் ஒரே சாம்பல் இல்லை, நடுப்பகுதி ஒரு மாதிரி, ஓரம் இன்னொரு மாதிரி. முன்விளிம்பு பெயின்ட் இல்லாத பளபள உலோகம். அழுக்கு பூசும்போது கை அடங்கட்டும். பயணிகள் விமானத்தை அவ்வப்போது கழுவுவார்கள், போர் விமானத்தைப்போல் கரி அப்பியிருக்காது.

மூக்கை ஒட்டிய உடற்பகுதியில், பெயின்ட் அடிக்காத சிறு உலோகத் தகட்டில் ஊசித் துளைகள் இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்தை அளப்பதற்கான துளைகள் அவை. உயரமும் வேகமும் விமானிக்குச் சரியாகத் தெரிய அவை திறந்திருக்க வேண்டும். 1996 அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு போயிங் 757-இல், கழுவும்போது அந்தத் துளைகள்மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். நள்ளிரவுக் கடலின் மேல் கருவிகள் தாறுமாறாகக் காட்ட, விமானம் கடலில் விழுந்து 70 பேரும் இறந்தார்கள். உங்கள் மாதிரியில் அது ஒரு பென்சில் புள்ளிதான். ஆனாலும் வையுங்கள்.

அளவும் முக்கியம். 39.5 மீட்டர் நீளமுள்ள 737-800, 1/144 அளவில் 27.4 செ.மீ. வரும். உங்கள் கத்தி ஒரு மில்லிமீட்டர் பிசகினால் நிஜ விமானத்தில் 14 செ.மீ.க்கு மேல் பிசகியதாகக் கணக்கு.

என் கட்சி ஒன்றுதான். பொதுவாக ‘ஒரு விமானம்’ செய்யாதீர்கள். வி.டி. என்று தொடங்கும் பதிவெழுத்துகளோடு இருக்கிற ஏதாவது ஒரு குறிப்பிட்ட விமானத்தைச் செய்யுங்கள். ராமேஸ்வரம் துறைமுகத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கும் படகுகள் எத்தனை கட்டிக் கிடந்தாலும், ஒட்டுப்போட்ட பலகையையும் பெயின்ட் உரிந்த இடத்தையும் வைத்தே தங்கள் வீட்டுப் படகைத் தூரத்திலிருந்து காட்டிவிடுவார்கள். விமானத்துக்கும் அப்படி அங்க அடையாளங்கள் உண்டு. ஒரே நிறுவனத்தின் ஒரே ரகத்தில்கூட ஒன்றில் புதிதாக மாற்றிய பலகை நிறம் மாறித் தெரியும், இன்னொன்றில் பழைய வண்ணம் போகாமல் நிற்கும். ஒரே விமானத்தின் இடப்பக்கத்தைப் பார்த்து வலப்பக்கத்தையும் ஊகிக்க வேண்டாம். கதவு, சரக்கு வாசல், வடிகுழாய் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது.

படம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உச்சிப்புளிப் பக்கம் டார்னியர் விமானம் தாழப் பறந்தால் கண்ணால் மட்டும் பாருங்கள், கேமராவைத் தூக்காதீர்கள். ராணுவ விமானத்தளங்களில் படம் எடுப்பதற்குத் தடை இருக்கிறது. மதுரை வழியாகப் பயணம் போகும் உறவினர் இருந்தால், இறக்கைக்குச் சற்றுப் பின்னால் ஜன்னலோரம் இடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மடிப்புத் தகடுகள் விரிவதை அங்கிருந்துதான் நன்றாகப் பார்க்க முடியும்.

தெர்மாகோலோ, பால்சாவோ, சார்ட் அட்டையோ, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கிட்டோ, எதில் செய்தாலும் எங்களுக்குச் சம்மதம். செய்த மாதிரியைப் படம் எடுத்து அனுப்புங்கள். பக்கவாட்டில் ஒன்று, கீழிருந்து ஒன்று என இரண்டு படங்கள் போதும். விமானத்தின் பதிவெழுத்தையும் மாதிரியின் அளவையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். அவை இல்லாத படங்களை இனி வெளியிடுவதாக இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்