கால் வைக்க ஓர் இடம்

அம்பத்தூரில் இருக்கும் அந்தத் தம்பதிக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வழிக்குச் சுமார் 150 கிலோமீட்டர். மகன் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வாங்கிய க்ரூஸர் பைக் அது. வண்டிக்குக் குறை இல்லை. ஐம்பதை நெருங்கும் கணவரின் முழங்கால்தான் மாமல்லபுரம் தாண்டுவதற்குள் முனக ஆரம்பித்துவிடும்.

"கிராஷ் கார்டுல ரெண்டு கம்பி மாட்டிட்டா போதும். காலை நீட்டி வெச்சுக்கலாம். கடையில வாங்க வேணாம், நானே செஞ்சிடுவேன்" என்றார் ஒருநாள்.

"உங்க காலுக்கு மட்டுமா?" என்று கேட்டார் மனைவி.

அந்தக் கேள்விக்கு அன்று அவரிடம் பதில் இல்லை.

க்ரூஸர் என்பது நெடுந்தூரம் நிதானமாகப் போவதற்கென்று அமெரிக்காவில் வளர்ந்த வண்டி வகை. தாழ்ந்த இருக்கை, உயர்ந்த ஹேண்டில்பார், முன்னால் தள்ளிய கால் வைப்பான். நம் ஊரில் 2002-ல் ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டும், 2005-ல் பஜாஜ் அவெஞ்சரும் இந்தப் பாணியைப் பரவலாக்கின. 2020-ல் வந்த மீட்டியர் 350-ன் இருக்கை உயரம் 765 மில்லிமீட்டர். அதே நிறுவனத்தின் கிளாசிக் 350-ல் அது 805. இருக்கை தாழ்ந்தால் உயரம் குறைந்தவருக்கும் கால் தரையில் நன்றாக ஊன்றும். ஆனால், இருக்கைக்கும் கால் வைப்பானுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறைந்து முழங்கால் மடங்கும். எந்த நிலையிலும் இரண்டு மணி நேரம் அசையாமல் வைத்த கால் மரத்துத்தான் போகும். எனவே இன்னொரு இடத்தில் காலை மாற்றி வைக்க வழி இருந்தால் நல்லது. முன்னால் மாட்டும் கூடுதல் புட்ரெஸ்ட்டின் வேலை அவ்வளவுதான்.

அதை வீட்டிலேயே செய்ய முடியுமா? முடியும். ஆனால் முழுவதையும் செய்யத் தேவையில்லை. பழைய வண்டியின் பின்சீட்டு புட்ரெஸ்ட் ஒரு ஜோடி போதும். சென்னையில் புதுப்பேட்டை, மற்ற ஊர்களில் பழைய பைக் உதிரிபாகக் கடை. ரப்பர், பின், மடங்கும் கீல் எல்லாம் அதிலேயே இருக்கும். அதைக் கிராஷ் கார்டில் பிடித்து நிறுத்தும் கிளாம்ப்தான் நாம் செய்ய வேண்டியது.

முதலில் அட்டை. ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள, ஓட்டுபவர் வழக்கமாகப் போடும் ஷூவோடு உட்கார்ந்து காலை நீட்டிப் பார்க்க வேண்டும். முழங்கால் முழுக்க நிமிர்ந்துவிடக் கூடாது. லேசாக மடங்கியே இருக்க வேண்டும். முழுக்க நிமிர்ந்தால் ஒவ்வொரு குழியின் அதிர்ச்சியும் நேரே இடுப்புக்குப் போகும். குதிகால் வந்து நிற்கும் இடத்தை மனைவி சாக்பீஸால் குறித்தார். அந்த இடத்துக்கு ஏற்றபடி அட்டையில் வெட்டி, கார்டில் கட்டி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தார்கள். முன்சக்கரம், சைலன்சர், இன்ஜின் எதிலும் அது படக் கூடாது. முன் ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது மட்கார்டு எங்கே வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அகலத்துக்கு ஒரே கணக்கு. புட்ரெஸ்ட்டின் நுனி ஹேண்டில்பாரின் அகலத்துக்கு உள்ளேயே அடங்க வேண்டும். வெளியே நீட்டினால் நெரிசலில் பக்கத்து வண்டிக்காரரின் காலில் குத்தும். வண்டி சாய்ந்து விழுந்தால் முதல் அடி கார்டுக்குப் பதிலாகக் கம்பியின் நுனிக்குப் போய், கார்டையே முறுக்கிவிடும்.

அடுத்தது கிளாம்ப். கிராஷ் கார்டின் குழாய் விட்டம் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் வெர்னியரில் அளந்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். 6 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புப் பட்டையை இரண்டு பாதியாக வளைத்து, குழாயைச் சுற்றிக் கவ்வி, இரண்டு பக்கமும் போல்ட் போட்டு இறுக்குவதுதான் அமைப்பு. வளைப்பதும் துளை போடுவதும் லேத் பட்டறையில் சிறு வேலை. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. முழுக்க இறுக்கிய பிறகும் இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். பாதிகள் ஒன்றோடொன்று முட்டிவிட்டால் போல்ட் இறுகும், குழாய் இறுகாது. காலை வைத்ததும் கிளாம்ப் கீழே சுழன்றுவிடும். குழாயில் கீறல் விழாமலும் வழுக்காமலும் இருக்க உள்ளே பழைய சைக்கிள் டியூபில் ஒரு சுற்று வெட்டிப் போட்டால் போதும்.

புட்ரெஸ்ட் குழாயிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அவ்வளவு முறுக்கு கிளாம்பின் மேல் விழும். 6 சென்டிமீட்டர் தள்ளி நிற்பதை 12 ஆக்கினால் அதே காலின் எடைக்கு இரண்டு மடங்கு முறுக்கு. கடப்பாரை நீளமாக இருந்தால் கல் எளிதில் புரளுவது இதனால்தான். எனவே ஸ்டைலுக்காக வெளியே இழுக்காமல், எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைப்பதுதான் சரி.

பட்டறைக்காரர் வேறொரு யோசனை சொன்னார். "எதுக்கு சார் கிளாம்ப்? கார்டுலயே வெல்டு வெச்சிடறேன், பத்து நிமிஷம்."

இந்தப் பத்து நிமிடத்துக்குச் சம்மதிக்காமல் இருப்பது நல்லது. வெல்டு வைத்த இடத்தை ஒட்டிய உலோகம் சூட்டில் தன்மை மாறி, நாளடைவில் அதிர்வில் விரிசல் விடலாம். குரோம் பூச்சும் உரியும். சேஸிஸில் வெல்டு என்ற பேச்சே கூடாது. இப்போதைய வண்டிகளில் மின்னணுப் பாகங்கள் இருப்பதால் வண்டியோடு சேர்த்து வெல்டு வைப்பதில் அந்த ஆபத்தும் உண்டு. வீட்டில் மிஞ்சிய தண்ணீர்க் குழாயை வெட்டிக் கொண்டுபோவதும் வேண்டாம். ஜி.ஐ. குழாயின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. அதை வெல்டு செய்யும்போது எழும் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் உடல்வலியும் வரும். கஷ்டப்படுவது பட்டறைக்காரர்.

கிளாம்பைவிட முக்கியமானது புட்ரெஸ்ட் மடங்கும் திசை. வளைவில் வண்டி சாயும்போது கம்பியின் நுனி சாலையில் தட்டலாம். மடங்காத கம்பியாக இருந்தால் அதுவே நெம்புகோலாகி, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடும். அதனால் அது தட்டியதும் மேலேயும் சற்றுப் பின்னேயும் மடங்க வேண்டும். கம்பெனி புட்ரெஸ்ட்டைக் கையால் தூக்கிப் பார்த்தால் இந்த அமைப்பு புரியும். பழைய ஜோடியை இடம் வலம் மாற்றிப் பொருத்தினால் இது தலைகீழாகிவிடும். பொருத்தும்போதே கவனிக்க வேண்டும்.

கம்பி தயாராகி, கறுப்புப் பெயின்டும் காய்ந்தது. மாட்டலாம் என்று கணவர் ஸ்பேனரை எடுத்த அன்று காலை, மனைவி பீரோவிலிருந்து ஒரு பட்டுச்சேலையைக் கொண்டுவந்து விரித்தார். முந்தானையின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புக் கோடு.

"போன மாசம் திருவேற்காடு கோயிலுக்குப் போனோமே, அன்னிக்கு டயர்ல உரசியிருக்கு. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்."

அவர் எதுவும் பேசவில்லை. வண்டி வாங்கிய முதல் வாரமே, பார்க்க அழகாக இல்லை என்று சாரி கார்டைக் கழற்றிப் பரணில் போட்டவர் அவர்தான். உரசிய முந்தானை இன்னும் நான்கு விரல் உள்ளே போயிருந்தால் சக்கரம் அதைச் சுற்றி இழுத்திருக்கும். பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பவர் சேலையோடு சேர்ந்து கீழே வந்திருப்பார்.

சாரி கார்டு அலங்காரப் பொருள் அல்ல. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி மூன்று விஷயங்களைச் சொல்கிறது. பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடி வேண்டும். கால் வைக்க இடம் வேண்டும். அவரது உடை சிக்காமல் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு வேண்டும். கம்பெனி மாட்டிக் கொடுத்ததைக் கழற்றுவது அந்த மூன்றில் ஒன்றை எடுத்துவிடுவது.

முன்கம்பி மேஜைமேல் காத்திருந்தது. பரணிலிருந்து சாரி கார்டு இறங்கியது.

ஒரு பக்கமாக உட்காருபவருக்கு இரண்டு காலும் இடப்பக்கம்தான். ஆனால் அங்கே இருக்கும் உருளை புட்ரெஸ்ட் ஒரு காலுக்கானது. இன்னொரு கால் அந்தரத்தில் தொங்கும், அல்லது முதல் காலின் மேல் ஏறும். சாரி கார்டோடு வரும் சிறு தட்டு பல வண்டிகளில் விரல் நுனிக்குத்தான் போதும். எனவே 25 சென்டிமீட்டர் நீளம், 8 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு செக்கர் பிளேட் வெட்டினார்கள். இரண்டு பாதமும் அருகருகே வைக்க இது போதும். மேலே ரப்பர் பாய் ஒட்டி, அடியில் இரண்டு இடத்தில் பிடிமானம் கொடுத்தார்கள். ஒரே போல்ட்டில் தொங்கினால் தட்டு சுழலும்.

பிடிமானம் இரண்டும் சேஸிஸோடு உள்ள பகுதியில்தான் இருக்க வேண்டும். பின்சக்கரத்தோடு மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மில் ஒன்று, சேஸிஸில் ஒன்று என்று பிடித்தால் முதல் வேகத்தடையிலேயே தட்டு கோணிவிடும். உயரத்தைக் கணவர் முடிவுசெய்யவில்லை. மனைவி சேலையில் உட்கார்ந்து, பாதம் முழுதும் பதியும் உயரத்தைச் சொன்னார். விளிம்புகளை அரத்தால் ராவி, மூலைகளை உருட்டினார்கள். பிசிறு இருந்தால் டயர் கிழிக்காத சேலையைத் தட்டு கிழிக்கும்.

இரண்டும் பொருத்திய பிறகு சோதனை. வண்டியை ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு புட்ரெஸ்ட்டையும் காலால் பலமாக அழுத்திப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் நைலான் பூட்டு உள்ள நட்டு. அப்படியும் ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் அதிர்வில் நட்டு தளரலாம். அதற்கு மனைவியின் அலமாரியில் வழி இருந்தது. நட்டின் மேலிருந்து பட்டை வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தார்கள். நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். முதல் 50 கிலோமீட்டர் முடிந்ததும் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு நெடும்பயணத்துக்கு முன்பும் பார்த்தால் போதும்.

முன்கம்பியில் கால் வைக்க ஒரு கட்டுப்பாடும் உண்டு. கால் அங்கே இருக்கும்போது பின்பிரேக்கும் கியரும் எட்டாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. காலைப் பின்னால் கொண்டுவர அரை விநாடி ஆனாலும் 11 மீட்டர். ஏறக்குறைய ஒரு பேருந்தின் நீளம். எனவே ஆளில்லாத நேர்ச்சாலையில் மட்டும்தான் அது. ஊர், சந்திப்பு, வளைவு, மழை, முன்னால் வண்டி என்று எது வந்தாலும் கால் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும்.

சட்டமும் நினைவில் இருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. கம்பெனி புட்ரெஸ்ட்டைக் கழற்றி இடம் மாற்றுவதும், பிரேக் பெடலை நகர்த்துவதும் வீட்டில் செய்யும் வேலை அல்ல. கூடுதலாக மாட்டுவதும் ஸ்பேனரால் கழற்றி எடுக்கக்கூடியதாகவே இருக்கட்டும். செய்யும் முன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும், வாரன்டி பாதிக்குமா என்று தெரிந்துகொள்வதும் நல்லது.

முதல் பயணம் புதுச்சேரிக்கு இல்லை, மறுபடியும் திருவேற்காடு கோயிலுக்கு. முன்கம்பிக்கு அன்று வேலையே இல்லை. அந்த நெரிசலில் காலை நீட்ட இடம் ஏது? கோயில் வாசலில் இறங்கியதும் மனைவி முந்தானையை முன்னால் இழுத்துப் பார்த்தார். கறை இல்லை.

"ஏங்க, அடுத்த வாரம் புதுச்சேரி போலாம். உங்க காலையும் நீட்டிப் பாருங்க" என்றார்.

கணவர் குனிந்து தட்டின் நட்டைப் பார்த்தார். நகப்பூச்சுக் கோடு உடையவில்லை.